அண்ணீரகக் குறைபாடு: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து
சிறுநீரகங்களின் மேல் அமைந்த அண்ணீரகச் சுரப்பிகள் கார்டிசாலைப் போதிய அளவு சுரக்காத நிலையே அண்ணீரகக் குறைபாடு. இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் இதனை விவரித்தார். காசநோய் அச்சுரப்பிகளைச் சிதைத்திருந்ததையும் அவர் கண்டார். இந்தியாவில் அக்காரணம் இன்றும் மறையவில்லை.

பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் மிகுந்த தென்காசி வட்டாரத்தில் சோர்வும் உடல்மெலிவும் வேலைக்களைப்பாகவே எளிதில் கொள்ளப்படும். மேனி கறுத்தலை முதன்மை அறிகுறியாக நூல்கள் கூறும்; மாநிறத்தாரிடம் அது புலப்படுவது அரிது. எனவே ஈறு, உள்ளங்கைக் கோடுகள், புதிய தழும்பு ஆகியவற்றில் தேடுதல் வேண்டும். உப்பின்மீது எழும் மிகுவிருப்பமும், எழுந்து நிற்கையில் வரும் தலைசுற்றலும் துணைச்சான்றுகள். காலைநேரக் கார்டிசால் அளவும் ஏசிடிஎச் ஊக்கச் சோதனையும் ஐயம் நீக்கும்.

ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையைப் பெரும்பாலும் ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டும். இங்கு ஒரு முரண் உண்டு: காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அம்மருந்தை உடலில் விரைந்து சிதைப்பதால், அதன் அளவை மருத்துவர் உயர்த்தியாக வேண்டும். காசநோய் மருத்துவரும் சுரப்பியியல் மருத்துவரும் தனித்தனியே பார்க்கையில் இது விடுபடக்கூடும்.

குற்றாலச் சாரல் காலத்தில் காய்ச்சல் கண்டால், மருத்துவர் முன்பே கூறியபடி மாத்திரையை இருமடங்காகவோ மும்மடங்காகவோ கொள்ளலாம். வாந்தியால் மாத்திரை தங்காவிடில் பெரியவர்களுக்கு 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே தேவை. தென்காசி அரசு மருத்துவமனையை அடையும்வரை காத்திராது அதனை இடுவதற்கு வீட்டார் ஒருவரேனும் பயின்றிருத்தல் நன்று.