புயலுக்கு முன் ஒலித்த பாங்கு

“புயல் என்பது கடலோரத்தார் கவலை; நமக்கென்ன?” சேலம், நாமக்கல் சமவெளியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் பேச்சு இது. வங்கக் கடல் நமக்கு 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சேலத்தின் தரையோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். கிழக்கே கல்வராயனும் வடக்கே சேர்வராயனும் அரண்களாக நிற்கின்றன. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் புயற் செய்தி வந்தால், அதை வேற்றூர்ச் செய்தியாகவே கேட்டுப் பழகிவிட்டோம்.

அந்த நிம்மதி எத்துணை பலவீனமானது என்பதை 2024ஆம் ஆண்டின் கார்த்திகை மாதம் உணர்த்திற்று.

கரை கடந்த பின் வந்த ஆபத்து

சவூதி அரேபியா பரிந்துரைத்த பெயரைத் தாங்கிய ‘ஃபெஞ்சல்’ புயல், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. “கடந்துவிட்டது, இனி அச்சமில்லை” என்று எண்ணியவர் பலர். ஆனால் அப்புயல் கரையேறிய இடத்திலேயே பல மணி நேரம் அசையாது நின்றது. பின்னர் வலுக்குறைந்து மேற்கே நகர்ந்தது. வலுக்குறைந்தது காற்றுதான், மேகம் சுமந்திருந்த நீர் குறையவில்லை. ஈரம் நிறைந்த காற்று மலைகளில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டும். ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன் மலைப்பகுதிகளில் அன்று நிகழ்ந்தது அதுவே.

டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்பது வானிலைத் துறையின் கணக்கு. ஊத்தங்கரையில் ஏரி நீர் பெருகிச் சாலையில் நின்ற வாகனங்களை அடித்துச் சென்றது. நம் அண்டை ஊரான அரூரில் 33 சென்டிமீட்டர். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் பாறையும் மண்ணும் வீட்டின் மேல் விழுந்து, 5 சிறுவர் சிறுமியர் உட்பட 7 பேர் மாண்டனர். கடலே காணாத ஊர்களில், புயல் கரையைக் கடந்து ஒரு நாள், இரு நாள் கழித்து நேர்ந்த துயரங்கள் இவை.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை அங்கேயே தங்கிவிடுவதில்லை. திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. சரபங்கா நதி ஓமலூர் வழியே செல்கிறது. தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும் வேளையிலும் மலைநீர் வீட்டு வாசலுக்கு வரக்கூடும். ஆற்றங்கரையில் குடியிருப்போர் இதனை மறத்தலாகாது.

ஒரே சாலையின் மறுமுனை

மழைப்புயல் நம் குளிர்காலத்தின் ஒரு முகமே. இன்னொரு முகமும் நம் குடும்பங்களுக்கு உண்டு. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுச் செல்கிறது. லாரித் தொழிலை நம்பி வாழும் வீடுகள் இங்கே ஏராளம். அடுப்படியில் தேநீர் கொதிக்கும் நேரத்தில், அவ்வீட்டு ஆண்மகன் அதே சாலையின் வடமுனையில் பனிப்பொழிவுக்கிடையே வண்டியை நிறுத்திக் காத்திருக்கக்கூடும்.

காஷ்மீரில் டிசம்பர் 21ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் 40 நாட்களுக்குச் ‘சில்லாய் கலான்’ என்று பெயர். கடுங்குளிர்க் காலம் அது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே வரும் காற்றுச் சுழல்கள் அங்கே பெரும்பனியைக் கொட்டுகின்றன. அப்போது ராம்பன், பனிஹால் பகுதியில் சாலை அடைபடுவதும் லாரிகள் வரிசையாகத் தேங்குவதும் வழக்கமான செய்திகள். நமக்கு மழையை முன்னறிவிக்கும் அதே இந்திய வானிலை ஆய்வுத் துறைதான் அங்கே பனிப்புயலையும் முன்னறிவிக்கிறது. நிறங்களும் அவையே: மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் உடனே செயற்படு. 1875இல் தோன்றிய அத்துறையிடம் இன்று செயற்கைக்கோளும் ராடாரும் இருக்கின்றன. சில நாட்களுக்கு முன்னரே சேதி நம் கைக்கு வந்துவிடுகிறது. வந்த சேதியை நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

பள்ளிவாசல் காட்டிய வழி

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்; எச்சரிக்கை எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வே இதற்கு விடை கூறுகிறது.

கருமேகத்தையோ கடுங்காற்றையோ கண்டால் நபியவர்களின் திருமுகம் மாறிவிடும். வீட்டுக்கு உள்ளும் வெளியுமாக நடப்பார்கள். மழை பெய்த பின்னரே அமைதியடைவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தம்மை நோக்கி வந்த மேகத்தை மழைமேகம் என்று எண்ணி மகிழ்ந்த ஆது கூட்டத்தாரை நபியவர்கள் அப்போது நினைவுகூர்ந்தார்கள். இறைவன்மேல் முழு நம்பிக்கை கொண்ட நபியவர்களே வானத்தைக் கவனித்திருந்தார்கள் எனில், நாம் கவனியாதிருப்பதற்குத் தவக்குல் என்று பெயரிடுவது எவ்வாறு தகும்?

இன்னும் ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. மக்காவுக்கு அருகிலுள்ள ளஜ்னான் என்னுமிடத்தில், குளிர் மிகுந்த ஓர் இரவில் இப்னு உமர் (ரலி) அவர்கள் பாங்கு சொன்னார்கள். அத்துடன், அவரவர் தங்குமிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறும் அறிவித்தார்கள். பயணத்தின்போது குளிரோ மழையோ உள்ள இரவுகளில் அவ்வாறு அறிவிக்கும்படி நபியவர்கள் முஅத்தினுக்குக் கட்டளையிடுவார்கள் என்றும் எடுத்துரைத்தார்கள். மழையும் சேறுமாயிருந்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் இவ்வாறே செய்யச் சொன்னார்கள். மக்கள் வியந்து நோக்கியபோது, தம்மினும் சிறந்தவரான நபியவர்கள் செய்ததே இது என்றார்கள். இரண்டும் புகாரியில் பதிவானவை.

தொழுகைக்கு அழைக்கும் குரலே, வானிலை கருதி ‘வெளியே வராதீர்’ என்றும் சொல்லியிருக்கிறது! மக்களின் உயிருக்கு மார்க்கம் அளித்த மதிப்பு அத்தகையது.

குளிரில் தந்த சலுகைகள்

ஹிஜ்ரி 8இல் தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவொன்றில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கே தீங்கு என்றஞ்சித் தயம்மும் செய்து தொழுகை நடத்தினார்கள். செய்தியறிந்த நபியவர்கள் புன்னகைத்தார்களே தவிர, கண்டிக்கவில்லை. நம் சமவெளியின் மார்கழிக் குளிர் அத்தகையதன்று; வெந்நீர் வைத்துக்கொண்டால் போதும். முதியோர்க்குச் சுபுஹு வேளையில் வெந்நீர் வைத்துக் கொடுப்பது பெரும் நன்மை. ஆனால் பனிமலையில் சிக்கி, நீரைச் சூடாக்க வழியின்றித் தவிப்பவர் இச்சலுகையை அறிந்திருத்தல் அவசியம்.

உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை எரியவிடாதீர் என்பதும் நபிவழியே. லாரியின் முன்னறையிலோ அடைத்த அறையிலோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்குவோர், கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவால் உறக்கத்திலேயே மாண்டுபோகின்றனர். அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மது குளிரைப் போக்கும் என்பதும் பொய். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடலின் வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. ஹராமானது ஆபத்தாகவும் முடிகிறது. ஈரத் துணியை உடனே மாற்றுதல், தலையையும் காதையும் மூடுதல், கம்பளியும் உலர்ந்த உணவும் வண்டியில் வைத்திருத்தல் ஆகியவையே உண்மையான காப்பு. சாலை அடைபட்டது என்று தெரிந்தால், கீழேயுள்ள ஊரிலேயே தங்கிவிடுவது கோழைத்தனமன்று.

நம் மஹல்லா செய்ய வேண்டியது

சேதி ஓர் அமானிதம். அதைத் தாழ்வான தெருவில் தனியே வாழும் விதவைக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் கொண்டு சேர்ப்பவர் யார்? ஜமாஅத் நிர்வாகிகள் மழைக்காலம் தொடங்குமுன்பே அத்தகைய வீடுகளைக் குறித்து வைக்கலாம். சிவப்பு எச்சரிக்கை வந்ததும் இளைஞர்களை அனுப்பி அழைத்து வரலாம். பள்ளிவாசலின் மாடியையும் மத்ரஸா மண்டபத்தையும் சாதி மத பேதமின்றித் திறந்து வைக்கலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம்.

இல்லத்தரசியர்க்கும் பங்குண்டு. குடும்ப அட்டை, பத்திரங்கள், முதியோரின் மருந்து ஆகியவற்றை ஒரே பையில் நீர் புகாமல் வைத்திருங்கள். வடக்கே சென்ற கணவரிடமோ மகனிடமோ பேசும்போது, “எப்போது வருவீர்கள்?” என்று கேட்குமுன், “அங்கே வானிலை எப்படி?” என்று கேளுங்கள். “தாமதமானாலும் பரவாயில்லை, நின்று வாருங்கள்” என்று வீட்டிலிருந்து வரும் ஒரு சொல், மலைப்பாதையில் ஓர் உயிரைக் காக்கலாம்.

பேரிடரில் மாண்டோரைக் குற்றவாளிகளாகக் காண்பது நம் பணியன்று. நீரில் மூழ்கி இறந்த முஃமினையும், இடிபாட்டில் சிக்கி இறந்த முஃமினையும் ஷஹீத்களோடு சேர்த்துச் சொன்னார்கள் நபியவர்கள். உயிரோடிருப்போரைக் காப்பதே நம் பணி. காற்று வீசும்போது அதன் நன்மையைக் கேட்டும் தீமையிலிருந்து காவல் தேடியும் நபியவர்கள் துஆச் செய்தார்கள். நாமும் கையேந்துவோம், ஏந்திய அக்கைகளாலேயே அண்டை வீட்டுக் கதவையும் தட்டுவோம். வல்ல அல்லாஹ் நம் ஊர்களையும், நெடுவழியில் இருக்கும் நம் மக்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.