சத்தமில்லாத கியரா, நிலைக்கிற கியரா?

ஸ்வீடனின் வால்வோ நிறுவனம் 1961-ல் கொண்டுவந்த பி18 எஞ்சினும், 1968-ல் அதைத் தொடர்ந்து வந்த பி20 எஞ்சினும் உழைப்புக்குப் பேர்போனவை. அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்பவர் தம்முடைய 1966-ம் ஆண்டு வால்வோ 1800 காரை 2013-க்குள் 30 லட்சம் மைல் ஓட்டி உலக சாதனை படைத்தது பி18 எஞ்சினை வைத்துத்தான். அப்படிப்பட்ட இரும்பு எஞ்சினுக்குள் இரும்பு அல்லாத பல்சக்கரம் ஒன்று இருக்கிறது. கேம் ஷாஃப்டின் முன்முனையில் இருக்கும் டைமிங் கியர், பிசினில் தோய்த்த துணி அடுக்குகளை அழுத்திச் சூடேற்றி இறுக வைத்துச் செய்தது. ஃபைபர் கியர் என்பார்கள். அதை மாற்றும் நாள் வந்தால் மறுபடி ஃபைபரே போடுவதா, உலோகத்துக்கு மாறுவதா என்பது பழைய வால்வோ வைத்திருப்பவர்களிடையே தீராத வழக்கு. நெடுந்தூரம் ஓட வேண்டிய காருக்கு உலோகம்தான் சரி என்பது என் கட்சி.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் ஏறி இறங்குவதற்குத் தோதாக வால்வுகள் திறந்து மூடும். ஆகவே கேம் கியரில் கிராங்க் கியரைப் போல இரு மடங்கு பற்கள். கிராங்க் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 33 முறை திறக்கிறது. திறக்கையில் வால்வு ஸ்பிரிங் கேமை எதிர்த்துத் தள்ளுகிறது. மூடுகையில் அதே ஸ்பிரிங் கேமை முன்னால் உந்திவிடுகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டிருக்கும் மயிரிழை இடைவெளியில் கேம் கியர் இப்படி முன்னும் பின்னுமாக மோதிக்கொண்டே இருக்கும். இரண்டும் உலோகமானால் அந்த மோதல் வெளியே கேட்கும். ஃபைபர் பல் அதை விழுங்கிவிடும். குடும்பத்தோடு போகிற காரில் எஞ்சின் இரையக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பொறியாளர்கள் காசு மிச்சம் பிடித்தார்கள் என்று பழிப்பது நியாயமில்லை.

ஆனால் பிசினுக்கு ஆயுள் இருக்கிறது. பல ஆண்டுகள் ஆயிலில் நனைந்து, சூடேறி ஆறிச் சூடேறி, பற்களின் அடியில் விரிசல் விடுகிறது. பெரும்பாலும் முன்னறிவிப்பே இராது. ஓட்டத்தில் நாலு பல் உதிர்ந்தால் போதும், கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். டிஸ்ட்ரிபியூட்டரும் ஆயில் பம்பும் கேம் ஷாஃப்டிலிருந்துதான் சுற்றுகின்றன. எனவே பிளக்கில் பொறியும் வராது. ஸ்டார்ட்டர் மட்டும் கிராங்கை வீணே சுற்றிக்கொண்டிருக்கும். உதிர்ந்த துணுக்குகள் போய்ச் சேரும் இடம் ஆயில் சம்ப். அதைக் கழற்றிக் கழுவாமல் கியரை மட்டும் மாற்றினால், பம்பின் வடிகட்டி அடைபட்டு வேறு செலவு வரும்.

உலோகக் கியர் கத்துமே என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான், மெல்லிய ஊளை ஒன்று கேட்கத்தான் செய்யும். ஆனால் சரியாகப் பொருந்திய கியரின் ஊளை தேய்மானத்தின் அறிகுறி அல்ல, காது பழகிவிடும். இரண்டாவது வாதம் கெட்டிக்காரத்தனமானது: கேம் ஷாஃப்ட் இறுகிப்போனால் ஃபைபர் பற்கள் ஃபியூஸ் மாதிரி தாம் உடைந்து மற்றதைக் காப்பாற்றும் என்பது. ஒழுங்காக ஆயில் மாற்றிவரும் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் இறுகுவது அபூர்வம். ஃபைபர் முதுமையால் உடைவதோ எல்லாருக்கும் தெரிந்த கதை. கோளாறே இல்லாதபோது எரிந்துபோகும் ஃபியூஸை யார் விரும்புவார்கள்? செயினுக்கு மாறலாமே என்பாரும் உண்டு. இரண்டு கியர் நேரடியாகக் கோத்தால் கேம், கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும். செயின் மாட்டினால் ஒரே திசையில் சுற்றும். அதற்கு கேம் ஷாஃப்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பத்து மைல் ஓட்டி ரசிப்பவருக்குப் புது ஃபைபர் கியரே போதும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

எதைப் போட்டாலும் மாட்டும் விதத்தில் கவனம் வேண்டும். கிராங்க் கியர் எஃகுதானே, அது கிடக்கட்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உலோகத்துக்கு மாறும்போது இது கூடாது: தேய்ந்த பல்லோடு புதுப்பல் சேர்ந்தால் இரைச்சலும் கூடும், தேய்மானமும் கூடும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழையதைப் புல்லர் வைத்து இழுங்கள். புதியதைத் திருகி அழுத்தி ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்தால் கேம் ஷாஃப்ட் பின்னால் நகர்ந்து, எஞ்சினின் பின்புறத்தில் இருக்கும் அடைப்பைத் தள்ளிவிடும். அங்கிருந்து ஆயில் ஒழுகத் தொடங்கினால் கியர்பாக்ஸை இறக்காமல் கைபோகாது. இரு கியர்களிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் எஞ்சின் சரியாக ஓடாது. பூட்டியபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், புள்ளிகள் மறுபடி சந்திக்க வேண்டும். ரேடியேட்டரையும் முன் கவரையும் எப்படியும் கழற்றியாயிற்று. முன்பக்க ஆயில் சீலையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.