பிளைண்டிங் ஒயிட் நாய்ஸ்: இல்யூஷன் அண்ட் கேயாஸ்

பிளைண்டிங் ஒயிட் நாய்ஸ்: இல்யூஷன் அண்ட் கேயாஸ் என்பது இந்தியாவின் ஸ்கைஹார்பர் என்னும் ஹெவி மெட்டல் குழுவின் முதல் இசைத்தொகுப்பு ஆகும். இது 2012 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பேசிக் ரெக்கார்ட்ஸ் மூலம் வெளிவந்தது.

உருவாக்கம்

டெல்லியைச் சேர்ந்த கித்தார் கலைஞர் கேசவ் தர், தம் வீட்டில் கணினியில் பதிவு செய்து இணையத்தில் வெளியிட்ட இசைத்துணுக்குகளே இக்குழுவின் தொடக்கம். பின்னர் இங்கிலாந்துப் பாடகர் டேனியல் டாம்கின்ஸ், அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் அனுப் சாஸ்திரி ஆகியோர் இணைந்தனர். மெகாடெத் குழுவின் முன்னாள் கித்தார் கலைஞர் மார்ட்டி ஃபிரீட்மனும் இதில் விருந்தினராக வாசித்துள்ளார்.

இசை அமைப்பு

ஹெவி மெட்டல் என்றாலே வெறும் இரைச்சல் என்று கருதுவோர் உண்டு. இத்தொகுப்பு அதற்கு மறுப்பாக அமைகிறது. தாழ்ந்த சுருதியில் கித்தார் கனமாக அதிர, அதன்மேல் நீண்டு எதிரொலிக்கும் மெல்லிய சுரங்கள் பரவி, விரிந்த வெளியில் நிற்பது போன்ற உணர்வைத் தருகின்றன.

தொகுப்பு இரு பகுதிகளைக் கொண்டது. 'இல்யூஷன்' (மாயை) பகுதியில் டாம்கின்ஸ் இனிய மெட்டுகளைப் பாடுகிறார். 'கேயாஸ்' (குழப்பம்) பகுதியில் மும்பையின் பயானக் மௌத் குழுவைச் சேர்ந்த சுனீத் ரேவங்கரின் உறுமும் குரல் ஒலிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பாடும் முறை ஓர் இசையின் உணர்வை எவ்வளவு மாற்றுகிறது என்பது விளங்கும்.

சிறப்பு

பெரிய ஒலிப்பதிவுக்கூடம் இன்றியே, வெவ்வேறு நாட்டுக் கலைஞர்கள் இணையவழி ஒன்றுசேர்ந்து உலகத்தரமான இசையைப் படைக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இக்குழுவின் அடுத்த தொகுப்பான கைடிங் லைட்ஸ் 2014 இல் வெளியானது.