மரபணு காட்டும் அடையாளம்

நுழையும்முன்

ஒத்த தோற்றமுடைய கட்டிகள் யாவும் ஒரே நோயல்ல. அவற்றின் வேறுபாட்டை எவ்வாறு அறிவது? பச்சிளங் குழந்தைகளுக்கு அரிதாக வரும் புற்றுநோய் ஒன்றைச் சான்றாகக் கொண்டு மரபணுப் பகுப்பாய்வின் பயனை விளக்குகிறது இப்பாடம்.

தசை, கொழுப்பு, நார்த்திசு, குருதிக்குழாய் முதலியவை மென்திசுக்கள் எனப்படும். இவற்றில் தோன்றும் அரிய புற்றுக்கட்டிகளுள் ஒன்று குழந்தைப்பருவ ஃபைப்ரோசார்கோமா. இது பெரும்பாலும் குழந்தைக்கு ஓராண்டு நிறையுமுன்னரே தோன்றும். சில வேளைகளில் பிறக்கும்போதே காணப்படும். கையிலோ காலிலோ தோன்றி விரைந்து பருக்கும்.

இக்கட்டியின் சிறு பகுதியை நுண்ணோக்கியில் நோக்கினால், கதிர் வடிவச் செல்கள் நெருங்கி நிற்பதைக் காணலாம். ஆனால், பரவும் இயல்பற்ற நார்த்திசுக் கட்டிகள் சிலவும், மிகக் கொடிய புற்றுகள் சிலவும் ஏறத்தாழ இதே தோற்றம் உடையவை. கொடியதெனத் தவறாகக் கணித்தால், குழந்தை தேவைக்கு மீறிய கடுமையான மருத்துவத்திற்கு ஆளாகும். தீங்கற்றதெனக் கணித்தால், நோய் முற்றிவிடும்.

இச்சிக்கலுக்கு 1998ஆம் ஆண்டு விடை கிடைத்தது. இக்கட்டியின் செல்களில் 12ஆம் குரோமோசோமும் 15ஆம் குரோமோசோமும் உடைந்து, தம் துண்டுகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டிருப்பதைக் கனடா நாட்டின் வான்கூவர் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இடம்மாறிய துண்டுகள் அளவிலும் பட்டை அமைப்பிலும் ஒத்திருந்தமையால், வழக்கமான குரோமோசோம் ஆய்வில் இம்மாற்றம் எளிதில் புலப்படவில்லை. இன்று, ஒளிரும் சாயமேற்றிய டி.என்.ஏ. துண்டுகளைக் கொண்டும், மரபணு வரிசையைப் படித்தறிந்தும் இதனை உறுதிசெய்கின்றனர்.

இம்மாற்றத்தால் ஈ.டி.வி.6, என்.டி.ஆர்.கே.3 என்னும் இரு மரபணுக்கள் இணைகின்றன. என்.டி.ஆர்.கே.3 உருவாக்கும் புரதம், இயல்பு நிலையில், வெளியிலிருந்து உரிய வேதிக்குறிப்பு வந்தால் மட்டுமே செயற்படும். இணைப்பு மரபணுவால் உருவாகும் புரதமோ, அக்குறிப்பு வராமலே செல்லைப் பெருகுமாறு ஓயாது தூண்டும். இம்மாற்றம் கட்டியின் செல்களில் மட்டும் நேர்வது. பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவதன்று. ஆகவே, இந்நோய்க்காகப் பெற்றோர் தம்மை நொந்துகொள்ளத் தேவையில்லை.

இதே இணைப்பு, குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் ஒருவகைக் கட்டியிலும் காணப்படுகிறது. உறுப்பு வேறாயினும் நோயின் வேர் ஒன்றே. இவ்வுண்மை புதிய மருத்துவத்திற்கு வழிவகுத்தது. என்.டி.ஆர்.கே. மரபணு இணைப்பால் உண்டாகும் புரதத்தைத் தடுக்கும் லாரோட்ரெக்டினிப் என்னும் மருந்துக்கு, 2018 நவம்பரில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. கட்டி எவ்வுறுப்பில் உள்ளது என்பதைவிட, எம்மரபணு மாற்றத்தைக் கொண்டுள்ளது என்பதே இம்மருந்தைத் தேர்வதற்கு அடிப்படை.

முன்பு, கட்டியை முழுமையாக நீக்குவதற்காகச் சில குழந்தைகளின் கையையோ காலையோ அகற்ற நேர்ந்தது. இன்று, இம்மருந்தால் கட்டியைச் சுருக்கிய பின்னர் அறுவை செய்து, உறுப்பைக் காக்க முடிந்த குழந்தைகளும் உள்ளனர். எனினும், இவ்வகைக் கட்டிகள் சிலவற்றில் வேறு மரபணு மாற்றங்களும் காணப்படுகின்றன. ஆதலால், ஓர் ஆய்வில் இவ்விணைப்பு தென்படவில்லை என்பதாலேயே இந்நோய் இல்லையென மருத்துவர் முடிவுசெய்வதில்லை. விரிந்த மரபணு ஆய்வை மேற்கொள்கின்றனர். நோயின் பெயரைச் சரியாக அறிவதே, குழந்தைக்கு உரிய மருத்துவத்தின் முதற்படியாகும்.