கையைச் சுடாத கரண்டு

கரையில் தொடங்கும் கோளாறுகள் – 7

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. மொத்தம் 61 நாள். அதன் கடைசி வாரத்தில் ராமேஸ்வரம், தூத்துக்குடி, காசிமேடு என்று எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் ஆசாரிக்கும் மெக்கானிக்குக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, என்ஜினைப் பூட்டி முடித்த பிறகு மிச்சமிருப்பது பேட்டரி. "ரெண்டு கிளாம்ப்தானே, பையன் மாட்டிருவான்" என்று அதை யாரிடமாவது விட்டுவிடுவார்கள். நடுக்கடலில் வாக்கி டாக்கி பேசாமல் போவதும், செல்ஃப் எடுக்காமல் நிற்பதும் பல நேரம் அந்த அரை மணி நேர வேலையில் பிறந்த கோளாறுகள்தான்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதைத் தொட எல்லோருக்கும் பயம். படகில் 12 வோல்ட். உலர்ந்த கையால் இரண்டு முனையையும் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. தோலின் தடையை அந்த அழுத்தத்தால் மீற முடியாது. கையைச் சுடாத கரண்டுக்கு யாரும் மரியாதை தருவதில்லை. ஆனால் ஸ்பேனருக்குத் தோல் கிடையாது. நல்ல பேட்டரி ஒன்றின் உள்தடை 0.005 ஓம் என்று வைத்துக்கொண்டால், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழும் கணத்தில் 2,400 ஆம்பியர் ஓடும். ஸ்பேனர் அங்கேயே வெல்டிங் வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் சார்ஜ் ஏறும்போது கிளம்பிய ஹைட்ரஜன் தேங்கியிருந்தால் பேட்டரியே வெடிக்கும்.

அதனால்தான் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பெரும்பாலான படகுகளில் என்ஜின் பிளாக் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டை முடுக்கும் ஸ்பேனர் என்ஜினைத் தொட்டால் ஷார்ட். மைனஸ் கழன்றிருந்தால், தொட்டாலும் ஒன்றுமில்லை.

அடுத்தது, மாற்றி மாட்டுவது. அவசரத்தில் இது நடக்கும் என்று தெரிந்துதான் பிளஸ் டெர்மினலை மைனஸை விடச் சற்றுத் தடிமனாக வார்க்கிறார்கள். மைனஸ் கிளாம்ப் அதில் இறங்காது. நம் ஆட்கள் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, கிளாம்பை நெம்பி விரித்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி இறக்கிவிடுவார்கள். அதோடு அந்தப் பாதுகாப்பு போயிற்று. டைனமோவுக்குள் இருக்கும் டயோடுகளின் வேலை, பேட்டரியின் மின்சாரம் திரும்பி உள்ளே வராமல் தடுப்பது. பேட்டரி தலைகீழானால் அதே டயோடுகள் அத்தனையும் வழிவிடும். பேட்டரி முழுவதும் டைனமோ வழியாக ஷார்ட் ஆகி, டயோடுகள் ஒரு நொடியில் கருகும். என்ஜினை ஓட்டக்கூட வேண்டியதில்லை. கிளாம்ப் தொட்டாலே போதும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. இரண்டு மாதம் சும்மா கிடந்து அடியோடு இறங்கிய பேட்டரியைப் பழைய சார்ஜரில் மாற்றிப் போட்டால், அது தலைகீழாகவே சார்ஜ் ஏறிவிடக்கூடும். அப்போது பேட்டரியின் மேல் அச்சிட்ட பிளஸ் குறியே பொய் சொல்லும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பெரிய என்ஜின்களில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். வாக்கிக்கோ 12 வோல்ட்தான் வேண்டும். கன்வெர்ட்டர் வாங்காமல், இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுவார்கள். வாக்கி பேசும். ஆனால் அந்த ஒரு பேட்டரி தினமும் கூடுதலாக இறங்கும். டைனமோ இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்வதால், இது நிரம்பாமலும் மற்றது அளவுக்கு மீறி நிரம்பித் தண்ணீர் கொதித்து வற்றியும் கெடும். சில மாதத்தில் ஜோடியாக இரண்டும் போய்விடும். குற்றம் பேட்டரிக் கடைக்காரர் தலையில்.

கடலில் பக்கத்துப் படகுக்கு செல்ஃப் எடுக்கவில்லை என்றால் நம் பேட்டரியைக் கழற்றிக் கொடுப்பது நல்ல மனசு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றுவதுதான் வினை. டைனமோ தரும் கரண்டைத் தாங்கிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று விலகினால், மின்னழுத்தம் கண நேரத்துக்கு எகிறும். 12 வோல்ட் அமைப்பில் 100 வோல்ட்டைக்கூட நெருங்கலாம். அந்தக் கணம் எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ். இரண்டையும் காவு வாங்கப் போதும். என்ஜினை நிறுத்திவிட்டுக் கழற்றினால் நமக்கே திரும்ப செல்ஃப் இருக்காது என்ற கவலை நியாயமானது. அதற்குத்தான் உபரியாக ஒரு பேட்டரி.

உப்புக் காற்றில் களிம்பேறிய டெர்மினலின் தடை வெறும் 0.01 ஓம் என்றாலும், செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது அந்த இடத்திலேயே 2 வோல்ட் தொலையும். 400 வாட் சூடு கிளம்பும். 750 வாட் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதிக்கு மேல். பேட்டரி செத்துவிட்டது என்று புதிது வாங்குமுன் கிளாம்பைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

ஃபியூஸ் இருப்பது கருவியைக் காப்பாற்ற என்றே பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. எனவே அது இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பக்கம். வீல் ஹவுஸில் ஃபியூஸை வைத்துவிட்டு, என்ஜின் அறையிலிருந்து அதுவரை வரும் நீண்ட ஒயரை வெறுமனே விட்டால், வழியில் எங்கு தோல் உரிந்து ஷார்ட் ஆனாலும் ஃபியூஸுக்குச் சேதி போகாது. அமெரிக்காவில் படகுகளுக்கான தர விதிகளை வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பு, ஃபியூஸ் மின்சாரம் எடுக்கும் இடத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பேட்டரியிலிருந்து நேரே புறப்படும் உறையிட்ட ஒயருக்கு 72 அங்குலம் வரை சலுகை. செல்ஃப் கேபிளுக்கு மட்டும் விதிவிலக்கு. போன ஃபியூஸுக்குப் பதில் செம்பு இழையை முறுக்கி வைப்பவருக்கு எந்த விதியும் உதவாது. அடுத்த முறை உருகுவது ஒயராகத்தான் இருக்கும்.

ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முழு சார்ஜில், ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் டைனமோவைப் பாருங்கள். ஜூன் 14-ஆம் தேதி மாலை இந்த இரண்டு எண்ணையும் பார்க்காமல் ஐஸ் ஏற்ற வேண்டாம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சேதம். பில்ஜ் தண்ணீரில் கிடக்கும் ஒரு பிளஸ் ஒயர் சத்தமில்லாமல் ப்ரொப்பெல்லரைத் தின்பது வேறு கதை. அதையும், 1824-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகடு அரிக்காமலிருக்க ஹம்ப்ரி டேவி சொன்ன வைத்தியத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)