அணி தோற்ற இரவும் வீட்டாரும்

உங்கள் வீட்டில் கால்பந்து ரசிகர் ஒருவர் உண்டா? அவர் நீங்களாகவே இருக்கக்கூடும். அல்லது உங்கள் கணவராகவோ, மகனாகவோ, வேலை தேடி ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் தம்பியாகவோ இருக்கக்கூடும். அப்படியானால் 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9, 10 ஆகிய இரண்டு இரவுகளை உங்கள் வீடு எளிதில் மறந்திராது. கத்தாரில் நடைபெற்ற உலகக் கோப்பையின் கால் இறுதி ஆட்டங்கள் நான்கும் அந்த ஒரே வார இறுதிக்குள் அடங்கிவிட்டன. வெள்ளி இரவில் தொடங்கி ஞாயிறு விடியுமுன் பிரேசில், நெதர்லாந்து, போர்ச்சுகல், இங்கிலாந்து ஆகிய நான்கு அணிகளும் போட்டியை விட்டு வெளியேறின.

முதலில் விழுந்தது பிரேசில். இந்திய நேரப்படி வெள்ளி இரவு 8.30 மணிக்குத் தொடங்கிய ஆட்டம், குரோவேஷியாவுக்கு எதிராக 90 நிமிடங்கள் கோலின்றியே கடந்தது. கூடுதல் நேரத்தின் முதற்பாதி முடியும் தறுவாயில் நெய்மார் கோல் அடித்தார். பிரேசில் நாட்டுக்காக அவர் அடித்த 77ஆவது கோல் அது. பெலேயின் கணக்கை எட்டிப் பிடித்த கோல். இனி என்ன கவலை என்று அநேகர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். 117ஆவது நிமிடத்தில் பெட்கோவிச் அதைச் சமன் செய்தார். பின்பு பெனால்டி உதைகள். ரோட்ரிகோவின் பந்தைக் கோல் காவலர் லிவாகோவிச் தடுத்தார். மார்க்கினியோஸ் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. குரோவேஷியா 4-2 என்று வென்றது. நெய்மாருக்கு உதைக்கும் முறையே வரவில்லை.

அதே இரவில் இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த நெதர்லாந்து, கடைசி மூச்சில் அர்ஜென்டினாவைச் சமன் செய்து, அதன்பின் பெனால்டியில் தோற்றது. அதைப் பார்த்து முடித்தவர்கள் படுக்கைக்குச் செல்லும்போது அதிகாலை மூன்று மணி கடந்திருந்தது. சனி இரவில் மொராக்கோ ஒரே கோலில் போர்ச்சுகலை வீழ்த்தி, அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெயரைப் பெற்றது. மாற்று ஆட்டக்காரராக இறக்கப்பட்ட ரொனால்டோ கண்ணீரோடு உள்ளே நடந்து சென்றதை உலகமே கண்டது. நள்ளிரவுக்குப் பின் இங்கிலாந்தின் முறை. ஒரு பெனால்டியைக் கோலாக்கிய ஹாரி கேன், 84ஆவது நிமிடத்தில் கிடைத்த இரண்டாவது பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். பிரான்ஸ் 2-1 என்று வென்றபோது நமக்கு ஞாயிறு அதிகாலை ஏறக்குறைய இரண்டரை மணி. அன்று காலை ஆராதனையில் கண்களை மூடியிருந்தவர்கள் எல்லாரும் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் என்று எந்தப் போதகரும் நம்பியிருக்கமாட்டார்!

"பிரேசில் தோற்றால் உங்களுக்கு என்ன?" என்று வீட்டிலுள்ள சகோதரிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. ஆயினும் அதை ஏளனமாகக் கேட்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. பெங்களூரில் அல்சூரை அடுத்த கௌதமபுரத்துக்குச் சென்றிருக்கிறீர்களா? தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பெலேக்கும் அங்கே சிலை எழுப்பியிருக்கிறார்கள். கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூரில், 2022ஆம் ஆண்டுப் போட்டிக்கு முன்பு ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் பிரமாண்டமான கட்-அவுட்டுகளை நிறுத்தினார்கள். கொல்கத்தாவுக்கோ 1977ஆம் ஆண்டில் பெலேயே வந்து, மோகன் பகான் அணிக்கு எதிராக ஈடன் தோட்டத்தில் ஆடிச் சென்றார். இந்தியா உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றுகளில் ஒருமுறையும் ஆடியதில்லை. சொந்த அணி இல்லாத வீட்டில் அயல் அணி பிள்ளையைப் போல் வளர்க்கப்படுகிறது.

சொந்த அணி ஆடிய நாள்களும் உண்டு என்பதை இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. 1948ஆம் ஆண்டு ஜூலை 31, அதுவும் ஒரு சனிக்கிழமையே. லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் பிரான்ஸை எதிர்த்தார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். இரண்டு பெனால்டிகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் அடித்து 2-1 என்று வென்றது. ஹாரி கேனுக்காகத் துக்கப்படுகிறவர்கள் இதையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

ஊரை விட்டு வந்த மனிதனுக்கு இதில் இன்னொரு காரியமும் அடங்கியிருக்கிறது. நகரத்தில் அவனை யாரும் அறியார்கள். வேலையிடத்தில் அவனுடைய மொழி வேறு. குடியிருப்பில் அவன் வாடகைக்காரன். ஆனால் மஞ்சள் சட்டை அணிந்து ஒரு தேநீர்க் கடையின் தொலைக்காட்சி முன் நின்றால், அறியாத ஒருவன் தோளில் கை போட்டு "நாம் ஜெயிப்போம்" என்கிறான். "நாம்" என்னும் அந்தச் சொல்லின் இன்பம் சிறிதன்று. அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைக் குறித்ததே. தங்கள் பல்கலைக்கழக அணி வார இறுதியில் வென்றிருந்தால், திங்கட்கிழமையன்று அதன் சின்னம் பொறித்த சட்டைகளை மாணவர்கள் மிகுதியாக அணிந்து வந்தார்கள். வெற்றியைப் பேசும்போது "நாம் வென்றோம்" என்றார்கள். தோல்வியைப் பேசும்போது "அவர்கள் தோற்றார்கள்" என்று சொல்லும் போக்கு காணப்பட்டது.

எனினும் உண்மையான ரசிகனால் அவ்வளவு எளிதாக "அவர்கள்" என்று சொல்லிவிட முடிகிறதா? அங்கேதான் துன்பம் தொடங்குகிறது. பிரித்தானியாவில் கைபேசிச் செயலி ஒன்றின் வழியே ரசிகர்களின் மனநிலையைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் 2018ஆம் ஆண்டில் கூறியது இது: தோல்வி தரும் விசனம், வெற்றி தரும் சந்தோஷத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. சரீரமும் இதற்குத் தப்புவதில்லை. 2006ஆம் ஆண்டு உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாள்களில், மியூனிக் நகரப் பகுதியில் இருதயக் கோளாற்றுக்காக அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கை, சாதாரண நாள்களைவிட ஏறக்குறைய 2.7 மடங்காக இருந்தது. ஏற்கெனவே இருதய நோயுள்ள பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் பெனால்டி உதைகளைப் பார்க்க உட்கார்ந்தால், அவர் பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

இவற்றைவிட நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறொன்று. டேவிட் கார்ட், கார்டன் டால் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இவர்களில் கார்ட் என்பவர் 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கால்பந்து. பெயரில் கால் இருந்தாலும் பெரும்பாலும் கையால் ஆடப்படும் விளையாட்டு அது. ஆட்டங்கள் நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டுக்குள் மனைவியை அல்லது துணையை ஆண் அடித்ததாகக் காவல்துறையில் பதிவான நிகழ்வுகளை அவர்கள் கணக்கிட்டார்கள். உறுதியாக வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட உள்ளூர் அணி தோற்ற நாள்களில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 10 சதவீதம் உயர்ந்தது. அணி தோற்கும் என்று முன்பே எதிர்பார்த்திருந்து அப்படியே தோற்றபோது எந்த உயர்வும் இல்லை. எதிர்பாராமல் வென்றபோதோ, எந்தக் குறைவும் இல்லை!

இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். தீங்கை வீட்டுக்குள் கொண்டுவந்தது வெறும் தோல்வி அன்று. நிச்சயம் ஜெயிப்போம் என்று எண்ணியிருந்த பின் வந்த தோல்வி. வெள்ளி இரவில் நெய்மாரின் கோலுக்கும் பெட்கோவிச்சின் கோலுக்கும் இடையே இருந்தது சுமார் பதினொரு நிமிட ஆட்டம். அந்த நிமிடங்களில் உள்ளம் எவ்வளவு உயரம் ஏறியதோ, அவ்வளவு உயரத்திலிருந்து அது விழுந்தது. அப்போது பக்கத்தில் இருப்பவர் யார்? பெட்கோவிச் அல்ல, நடுவரும் அல்ல. "சாப்பாடு ஆறிப்போகிறது, வாருங்கள்" என்று அழைத்த மனைவி. அல்லது அறியாமல் சிரித்துவிட்ட பிள்ளை.

அணி வென்றால் வீட்டுக்குச் சமாதானம் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் 2002, 2006, 2010 ஆகிய ஆண்டுகளின் உலகக் கோப்பைகளைக் கொண்டு செய்த ஆய்வில், இங்கிலாந்து தோற்ற நாள்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் கூடியிருந்தன. வென்ற நாள்களிலும் சமனில் முடிந்த நாள்களிலும் கூட 26 சதவீதம் கூடியிருந்தன. ஆட்டத்தோடு மதுவும் சேர்ந்துவிட்டால் வீட்டார் நிலை என்னாகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பந்தயப் பணமும் அப்படியே. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நம் நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித் தடைசெய்தது. இருப்பினும் நண்பர்களுக்குள் கைமாறும் ரூபாயை எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும்? ஐந்நூறு ரூபாய் வைத்தவன் தோல்வியை விளையாட்டாகப் பார்க்க முடியாது. அது அவன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலிருந்து போயிருக்கிறது.

ஆகையால் சகோதரனே, ஆட்டம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்கண்ட அமெரிக்க ஆய்வில், அந்தக் கொடுமை ஆட்டம் முடியும் வேளையை ஒட்டிய குறுகிய நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் நிகழ்ந்தது. அப்படியானால் காக்க வேண்டியது அந்தச் சிறு பொழுதையே. இறுதி விசில் ஊதியவுடன் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். மார்க்கினியோஸின் பந்து கம்பத்தில் படுவதைப் பத்துமுறை திருப்பிப் பார்த்தாலும் அது உள்ளே போகப்போவதில்லை. எழுந்து வெளியே சென்று தெரு முனைவரை நடந்து வாருங்கள். கைபேசியில் கேலிச் செய்திகள் குவிந்திருக்கும்; காலையில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் மதிப்பெண், மாமியார் வீட்டுப் பயணம், வீட்டுச் செலவு, இவை எதையும் அன்றிரவு பேச வேண்டாம். இதை ஆட்டம் தொடங்குமுன்பே மனைவியிடம் சொல்லிவையுங்கள். தோற்ற பின் சொன்னால் அதுவே சண்டையாகிவிடும்.

சகோதரியே, உங்களுக்கும் ஒன்று. அவர் முகம் வாடியிருக்கும் அரை மணி நேரத்தில் "நான் அப்போதே சொன்னேன்" என்று தொடங்காதிருங்கள். ஆனால் அவர் கை ஓங்கினால், அதற்குக் காரணம் கால்பந்து அன்று, நீங்களும் அன்று. அதைப் பொறுத்துக்கொள்வது பக்தி என்று உங்களுக்கு யாரேனும் கற்பித்திருந்தால் அது தவறான போதனை. பெண்களுக்கான 181 என்னும் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது; அவசரத்துக்கு 112 உண்டு. அண்டை வீட்டுக் கதவைத் தட்டவும் வெட்கப்பட வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. பத்து வயதுப் பையன் தன் அணி தோற்றதென்று அழுதால், "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று அதட்டாதிருங்கள். வேறு தேசத்து மனிதனுக்காக அழுகிற அந்த மனம் நல்ல மனமே. அவனோடு சற்று நேரம் உட்காருங்கள். பின்பு, அந்த வெள்ளி இரவில் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் நடந்ததை அவனுக்குச் சொல்லுங்கள். நெய்மார் அழுதுகொண்டிருந்தார். வென்ற அணியின் வீரர் பெரிசிச்சுடைய சிறு மகன் தன் நாட்டின் வெற்றியைக் கொண்டாடுவதை விட்டு அவரை நோக்கி ஓடினான். காவலர்கள் அவனைத் தடுக்கப் பார்த்தார்கள். நெய்மார் அவனைக் கண்டு தம்மிடம் வரவிடும்படி சைகை காட்டினார். அவன் கை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பற்றி அவனை அணைத்துக்கொண்டார்.