தனியாக வாசிக்கப் போகிறாளா உங்கள் பெண்?

கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காக மலையேறி ஆர்மோனியமும் கையுமாகப் பாடினார். துருத்தியை அசைத்தால் ஆர்மோனியம் பேசும், மின்சாரம் எதற்கு?

கூடலூர்க் கல்யாண வீட்டில் தனியாகக் கீபோர்டு வாசிக்கும் உங்கள் மகளின் கதை வேறு, அம்மணி! ஸ்பீக்கர் பெட்டி மௌனமானால் சமாளிக்கப் பக்கவாத்தியம்கூடக் கிடையாது. ஆகவே பாட்டரி உள்ளதாக வாங்குங்கள்.

பளபளப்பில் மயங்க வேண்டாம். கடைக்கே கீபோர்டைக் கொண்டுபோய், இடதுகோடிக் கட்டையை அழுத்தச் சொல்லுங்கள். 61 கட்டைக் கீபோர்டில் அது சுமார் 65 ஹெர்ட்ஸ். பேச்சுக்கென்று செய்த சின்னப் பெட்டி அங்கே கரகரக்கும். 10 அங்குல ஸ்பீக்கர் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அதை அவளே தூக்கிப் பஸ்ஸில் ஏற்ற முடிகிறதா? இல்லையென்றால் 8 அங்குலமே மேல்.

மைக்குக்குத் தனி இணைப்பும் இருக்கட்டும். பாதிக் கச்சேரியில், "ஒரு பாட்டுப் பாடேன், அம்மா!" என்பார்கள்.